ஹெல்மெட்டுக்குள் தண்ணீர்: 2013 ஜூலை 16 விண்நடை குறித்த நிகழ்வு ஆய்வு

2013 ஜூலை 16 அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பார்மிதானோவின் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அது 1 முதல் 1.5 லிட்டர் வரை இருந்திருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டிய விண்நடையை 1 மணி 32 நிமிடத்தில் முடித்துக்கொண்டு உள்ளே வரவேண்டியதாயிற்று. ஆள் பிழைத்தார், காயம் ஒன்றும் இல்லை. ஆனால் பூமியிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில், சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத வெற்றிடத்தில் ஒரு மனிதர் மூழ்கிச் சாகப் பார்த்தார் என்பதுதான் உண்மை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பார்மிதானோவின் நிதானத்தைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பாராட்டவேண்டியதுதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பயிற்சியில் யாரும் ஒத்திகை பார்த்திராத ஓர் ஆபத்து அவருக்கு வந்தது. பயிற்சியில் ஊறிய பழக்கங்களை வைத்தே அதிலிருந்து தப்பினார். அதே பயிற்சியும் அனுபவமும் உள்ள ஒரு பெரிய குழு, ஒரு வாரம் முன்பே கண்ணெதிரே வந்த எச்சரிக்கையைக் கோட்டைவிட்டது. இரண்டும் ஒரே கதைக்குள் இருக்கின்றன.

ஆளும் வேலையும்

பார்மிதானோ இத்தாலிய விமானப்படையின் சோதனை விமானி. 2009 இல் ஐரோப்பிய விண்வெளி முகமை தேர்ந்தெடுத்த ஆறு பேரில் ஒருவர். 2013 மே 28 அன்று சோயுஸ் கலத்தில் கிளம்பியபோது வயது 36. ஜூலை 9 அன்று முதல் முறையாக நிலையத்தை விட்டு வெளியே போனார், அப்படிப் போன முதல் இத்தாலியரும் ஆனார். கூடப் போனவர் கிறிஸ் காசிடி. அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படைப் பிரிவிலிருந்து வந்தவர், விண்நடையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

ஜூலை 16 அன்று செய்யவேண்டிய வேலைகளில் ஒன்று, ரஷ்யாவின் நவூக்கா ஆய்வுக்கூடத்துக்காக முன்கூட்டியே கேபிள் இழுத்து வைப்பது. அந்தக் கூடம் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது 2021 இல்தான் என்பது தனிக்கதை.

குளம் சொல்லித்தருவதும் தராததும்

விண்நடைப் பயிற்சியில் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் நடக்கிறது. ஹூஸ்டனில் நாசா வைத்திருக்கும் பயிற்சிக் குளம் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். அதற்குள் நிலையத்தின் பகுதிகளை முழு அளவில் மாதிரியாகச் செய்து இறக்கி வைத்திருக்கிறார்கள். உடை அணிந்த வீரரை உள்ளே இறக்கி, மூழ்கவும் இல்லாமல் மேலே எழும்பவும் இல்லாமல் நிற்கும்படி எடைகளையும் மிதவைகளையும் சேர்த்துச் சரிசெய்வார்கள். வெளியே ஒரு மணி நேரம் செய்யவேண்டிய வேலைக்குக் குளத்தில் ஏழு மணி நேரம் ஒத்திகை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அங்கே உடம்பில் ஏறுவது நிறைய. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கை மாற்றிக் கை வைத்து நகர்வது, ஆளை நிலையத்தோடு பிணைத்து வைக்கும் பாதுகாப்புக் கம்பி எதிலும் சிக்காமல் பார்த்துக்கொள்வது, காற்றழுத்தத்தில் விறைத்து நிற்கும் கையுறைக்குள் விரல்களை மடக்குவது, மயங்கிப்போன கூட்டாளியை இழுத்துக்கொண்டு ஏர்லாக்குக்கு (நிலையத்துக்கும் வெற்றிடத்துக்கும் நடுவே உள்ள இரட்டைக் கதவு அறை) வந்து சேர்வது. எந்தப் பாதையில் எந்தக் கைப்பிடிக்கு அடுத்து எந்தக் கைப்பிடி என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிவிடும்.

ஆனால் குளத்தில் ஈர்ப்பு விசை எங்கும் போய்விடுவதில்லை. உடைதான் மிதக்கிறது, உள்ளே இருப்பவர் மிதப்பதில்லை. தலைகீழாகத் திரும்பினால் முகத்துக்கு ரத்தம் ஏறும், முழு எடையும் தோளில் அழுத்தும். ஒருவேளை உடைக்குள் தண்ணீர் புகுந்தாலும் அது தாழ்வான பக்கம் வடிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குளத்தில் போடும் உடையின் முதுகுப்பெட்டி வெறும் மாதிரி. மூச்சுக் காற்றும் குளிர்விக்கும் தண்ணீரும் மேலேயிருந்து குழாய் வழியாக வருகின்றன. ஆகவே விண்வெளியில் மனிதரை உயிரோடு வைத்திருக்கும் இயந்திரம், அவர் மணிக்கணக்காகப் பயிற்சி எடுக்கும் இடத்தில் இல்லவே இல்லை. 2013 இல் பழுதானது அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்தான்.

காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடம்

நாசாவின் விண்நடை உடைக்குள் சுத்த ஆக்சிஜன், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் இதைவிடக் கூடினால் கைகால் மடக்க முடியாது. உடையின் அடியில் போட்டுக்கொள்ளும் உள்ளாடையில் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் சுற்றிவரும் குளிர்ந்த தண்ணீர் உடல் சூட்டை வாங்கிக்கொள்ளும். அந்தச் சூட்டை வெளியேற்ற, முதுகுப்பெட்டியில் கொஞ்சம் தண்ணீரை வெற்றிடத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அது உறைந்து பனிக்கட்டியாகி, அப்படியே ஆவியாகப் பதங்கமாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

காற்றுக்கு ஒரு சுற்று, தண்ணீருக்கு ஒரு சுற்று, இரண்டும் தனித்தனி. ஆனால் ஓர் இடத்தில் சந்தித்தே ஆகவேண்டும். மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரத்தைக் காற்றிலிருந்து பிரித்துத் தண்ணீர்ச் சுற்றுக்கு அனுப்பவேண்டும். தண்ணீரில் சேரும் காற்றுக் குமிழிகளைப் பிரித்துக் காற்றுச் சுற்றுக்கு அனுப்பவேண்டும். எடை இல்லாத இடத்தில் தண்ணீர் தானாகக் கீழே இறங்கிப் பிரியாது என்பதால், துணி துவைக்கும் இயந்திரத்தின் டிரம்மைப் போல ஒரு சிறு டிரம்மை வேகமாகச் சுற்றித் தண்ணீரை ஓரத்துக்கு எறிந்து பிரிக்கிறார்கள். காற்றைச் சுற்றவைக்கும் ஃபேன், தண்ணீரைத் தள்ளும் பம்ப், இந்தப் பிரிப்பான் மூன்றும் ஒரே மோட்டாரில் ஓடுகின்றன.

டிரம்மில் தண்ணீர் போக நுண்ணிய துளைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தன் வழிக்குத் திரும்பாமல் காற்றுப் பாதையில் வழிந்துவிடும். காற்றுப் பாதை போய்த் திறக்கும் இடம் ஹெல்மெட்டின் பின்பக்கம், பிடரிக்கு நேராக.

ஜூலை 9: முதல் எச்சரிக்கை

முதல் விண்நடை ஆறு மணி நேரத்துக்கு மேல் நல்லபடியாக நடந்தது. உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அதில் தண்ணீர் இருந்தது. வியர்வை என்று சொல்லக்கூடிய அளவு இல்லை. எங்கிருந்து வந்தது?

பதில் தயாராக இருந்தது. உடைக்குள் மார்புப் பக்கத்தில் குடிதண்ணீர்ப் பை ஒன்று உண்டு, வாயருகே வரும் குழாயைக் கடித்து உறிஞ்சிக் குடிப்பார்கள். அந்தப் பைகள் கசியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக ஏற்கெனவே பேச்சில் இருந்தது. ஏர்லாக்கில் குனிந்தபோது அழுத்தம் பட்டுக் கசிந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். பையை மாற்றினார்கள். அடுத்த விண்நடைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சரி, விஷயம் முடிந்தது என்று விட்டுவிட்டார்கள்.

இந்த முடிவு முட்டாள்தனமானது என்று இன்று சொல்வது சுலபம். அன்று அது நியாயமான ஊகம்தான். தப்பு, ஊகித்ததில் இல்லை, ஊகத்தைச் சோதித்துப் பார்க்காததில் இருக்கிறது. பை உண்மையிலேயே கசிகிறதா என்று யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. விசாரணையைக் கிளப்பினால் வீரர்களின் நேரம் போகும், விண்நடை தள்ளிப்போகும், ஆய்வு வேலைகள் கெடும். நிலையத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. இந்த நெருக்கடி கேள்வி கேட்பவரின் வாயை அடைத்தது என்பதை விசாரணைக் குழுவே பின்னால் எழுதியது.

ஜூலை 16: பிடரியில் ஈரம்

அன்றைக்கு வேலை வேகமாகவே போனது. பார்மிதானோ மூன்று கூடங்களுக்கு இடைப்பட்ட குறுகலான இடத்தில் உடம்பை நுழைத்துக்கொண்டு கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய உடையில் கரியமில வாயுவை அளக்கும் உணரி பழுதாகியிருந்தது. ஈரம் பட்டால் அந்த உணரி கெடுவது வழக்கம், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரம் அங்கே எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வெளியே வந்து 44 நிமிடம் ஆனபோது தலைக்குப் பின்னால் தண்ணீர் இருப்பதாகத் தெரிவித்தார். தரையிலிருந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் ஷேன் கிம்ப்ரோ. காசிடி பக்கத்தில் வந்து ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வியர்வையா, குடிதண்ணீர்ப் பையா என்று பேச்சு போனது. வியர்வையாக இருக்க இது மிகவும் குளிர்ச்சி என்று பார்மிதானோவுக்குத் தோன்றியது. பையின் குழாயிலிருந்து எதுவும் வெளியே வருவதாகவும் தெரியவில்லை. அளவு மட்டும் கூடிக்கொண்டே இருந்தது.

திரும்பிப் போகும்படி உத்தரவு வர 23 நிமிடம் ஆனது. வந்த உத்தரவும் 'விண்நடையை முடித்துக்கொள்' என்பதுதான். 'எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவா' என்பதற்கு வேறு உத்தரவு உண்டு, அது தரப்படவில்லை. முதல் உத்தரவில் ஒழுங்காகப் பொருள்களை எடுத்து வைத்துவிட்டு வர நேரம் கொடுப்பார்கள். ஆகவே காசிடி சாமான்களைச் சரிசெய்துவிட்டுத் தன் பாதையில் வருவதாகவும், பார்மிதானோ வந்த வழியே தனியாகத் திரும்புவதாகவும் முடிவானது. பாதுகாப்புக் கம்பிகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இருவரும் அவரவர் வந்த பாதையிலேயே போகவேண்டும். என் கணிப்பில், அன்று நடந்ததிலேயே ஆபத்தான முடிவு இந்தப் பிரிவுதான்.

எடையில்லாத இடத்தில் தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்தை இங்கே சொல்லவேண்டும். பரப்பு இழுவிசை ஒன்றுதான் அதை ஆள்கிறது. தொட்ட இடத்தில் ஒட்டிப் படர்ந்து, தடிமனான ஒரு போர்வையாக நகரும். மூன்று மாதம் முன்பு, 2013 ஏப்ரலில், இதே நிலையத்தில் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் ஈரத் துணி ஒன்றைப் பிழிந்து காட்டிய வீடியோவை உலகமே பார்த்தது. பிழிந்த தண்ணீர் கீழே விழவில்லை, துணியைச் சுற்றிக் குழாயாகப் படிந்து கைகளின் மேல் ஏறியது. அதே தண்ணீர் முகத்தின் மேல் ஏறினால் கையால் துடைக்க முடியாது, ஏனென்றால் கை ஹெல்மெட்டுக்கு வெளியே இருக்கிறது.

திரும்பும் வழியில் தண்ணீர் காதுக் கருவியின் பஞ்சை மூடியது, முகக் கண்ணாடியின் முன்பக்கத்தை மறைத்தது. வழியில் ஓர் ஆன்டெனாவைத் தாண்ட உடம்பைச் செங்குத்தாகத் திருப்பவேண்டியிருந்தது. திரும்பிய அந்த நேரத்தில் தண்ணீர் முன்னால் நகர்ந்து மூக்கை மூடிக்கொண்டது. தலையை உதறிப் பார்த்தார், இன்னும் மோசமானது. அதே சமயத்தில் சூரியனும் மறைந்தது. நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இரவு வரும், அந்த இரவு அப்போது வந்தது. பேச்சு தேய்ந்துபோனது. மற்றவர்கள் பேசுவது மங்கலாகக் கேட்டது, அவர் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த மூச்சில் காற்று வருமா தண்ணீர் வருமா என்று தெரியாது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதும் தெரியவில்லை.

அப்போது அவருக்கு நினைவு வந்தது இடுப்பிலிருந்த பாதுகாப்புக் கம்பி. கம்பியின் மறுமுனை ஏர்லாக் பக்கம் இருந்தது. கம்பியைச் சுருட்டிக்கொள்ளும் சுருள்வில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான விசையில் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை செய்யும்போது அந்த இழுப்பு ஒரு தொல்லை. இப்போது திசை காட்ட வேறு எதுவும் இல்லை. இழுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், கைப்பிடிகளைத் தடவித் தடவிப் போனார்.

போகும்போதே அடுத்த கட்டத்தையும் யோசித்தார் என்பதுதான் என்னை அசரவைக்கிறது. தண்ணீர் வாய்க்கு வந்துவிட்டால்? ஹெல்மெட்டில் இடது காதருகே ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அதைத் திறந்தால் உடையின் அழுத்தம் குறையும், கொஞ்சம் தண்ணீர் வெளியே போகும், அப்புறம் அது உறைந்து துளையை அடைத்துக்கொள்ளும். தன் உடையில் தானே ஓட்டை போடும் யோசனை அது, வேறு வழியே இல்லாதபோது மட்டும். அதற்குத் தேவை வரவில்லை. சில நிமிடத்தில் ஏர்லாக்கின் வெப்பத் திரை தண்ணீர் வழியே மங்கலாகத் தெரிந்தது.

முறைப்படி முதலில் வெளியே வந்தவர் கடைசியாக உள்ளே போகவேண்டும். அன்று அவரே முதலில் நுழைந்தார். காசிடி வந்து கதவை மூடிய அதிர்வை உணர்ந்தார். ஏர்லாக்கில் காற்றழுத்தம் ஏறும் நிமிடங்கள் நீண்டன. காதுக்குள் தண்ணீர், ஒன்றும் கேட்கவில்லை. அசைந்தால் தண்ணீரும் அசையும் என்பதால் ஆடாமல் கிடந்தார். அழுத்தம் ஏறத் தொடங்கிவிட்டால் கடைசிக் கட்டத்தில் ஹெல்மெட்டைத் திறந்துவிடலாம், மயங்கினாலும் மூழ்குவதைவிட மேல் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. காசிடி அவர் கையுறையை அழுத்திப் பார்த்தார். பதிலுக்கு 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று விரலால் சைகை வந்தது. பேச்சு நின்றபோது மிஞ்சிய ஒரே தகவல் தொடர்பு அதுதான். உள்கதவு திறந்ததும் நிலையத்துக்குள் இருந்த நாசா வீரர் கேரன் நைபெர்க் ஹெல்மெட்டைக் கழற்றினார், ரஷ்ய வீரர்கள் துண்டை நீட்டினார்கள்.

விசாரணையில் தெரிந்தது

நிலையத்தின் தலைமைப் பொறியாளர் கிறிஸ் ஹான்சன் தலைமையில் நாசா அமைத்த குழு, 2014 பிப்ரவரியில் அறிக்கையை வெளியிட்டது. பிரிப்பான் டிரம்மின் துளைகளை அலுமினியமும் சிலிக்காவும் கலந்த படிவு அடைத்திருந்தது. உடையின் தண்ணீர்ச் சுற்றைச் சுத்தப்படுத்தப் பயன்பட்ட வடிகட்டிகளைப் பூமியில் தயார்செய்த இடத்திலேயே சிலிக்கா போதிய அளவு கட்டுப்படுத்தப்படவில்லை என்று பின்பு கண்டுபிடித்தார்கள். சுத்தம் செய்ய வந்த சாதனமே அழுக்கைக் கொண்டுவந்திருக்கிறது.

இயந்திரக் கோளாறைவிட, மனிதர்களைப் பற்றிய கண்டுபிடிப்புகள்தான் அறிக்கையில் கனமானவை. ஹெல்மெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருப்பது சகஜம் என்ற எண்ணம் வருடக்கணக்கில் ஊறிப்போயிருந்தது. எடையில்லா நிலையில் தண்ணீர் எப்படி ஒட்டிப் படரும் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். காற்றுப் பாதை வழியாகத் தண்ணீர் வந்தால் அது முகத்துக்குத்தான் போகும் என்று அந்த அறிவை இந்த உடையோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. ஆகவே கட்டுப்பாட்டு அறையின் ஒத்திகைகளிலும் இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை. ஜூலை 9 தண்ணீரை ஆழமாக விவாதித்திருந்தால் ஜூலை 16 நடந்தே இருக்காது என்று குழு நேரடியாகவே சொன்னது.

பார்மிதானோவைக் காப்பாற்றிய கம்பி, கைப்பிடிப் பாதை, கூட்டாளியின் கையை அழுத்திச் சரிபார்ப்பது, அடுத்த மோசமான நிலைமையை முன்கூட்டியே யோசிப்பது எல்லாம் வேறு ஆபத்துகளுக்காகப் பழகியவை. கம்பி, ஆள் மிதந்து போய்விடாமல் இருக்க. பாதையை மனப்பாடம் செய்வது, நேரத்தை மிச்சம் பிடிக்க. தண்ணீருக்காக யாரும் அவரைத் தயார்செய்யவில்லை. அந்த 23 நிமிடத்தில் தரையில் இருந்தவர்களுக்குக் கைகொடுக்க அப்படி ஒரு பழக்கம் இல்லை. இருந்ததெல்லாம் தயாராக வைத்திருந்த ஒரு விளக்கம்.

அதன் பிறகு

அவசரமில்லாத அமெரிக்க விண்நடைகள் நிறுத்தப்பட்டன. 2013 டிசம்பரில் நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதானதால் வேறு வழியில்லாமல் மீண்டும் வெளியே போனார்கள். அதற்குள் இரண்டு எளிய பொருள்கள் உடையில் சேர்ந்திருந்தன. ஒன்று, பிடரிக்குப் பின்னால் தண்ணீரை உறிஞ்சும் பட்டை. வீரர் அவ்வப்போது தலையைப் பின்னால் சாய்த்து அழுத்திப் பார்க்கவேண்டும், சொதசொதவென்று இருந்தால் உடனே சொல்லவேண்டும். இன்னொன்று, ஒரு முனை வாயருகிலும் மறுமுனை இடுப்புப் பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் குழாய். முகம் தண்ணீரில் மூடினாலும் உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து மூச்சு இழுக்கலாம். இவ்வளவு சிக்கலான உடைக்கு இவ்வளவு சாதாரணமான தீர்வு.

2016 ஜனவரி 15 அன்று நாசா வீரர் டிம் கோப்ராவின் ஹெல்மெட்டில் சிறிய நீர்க்குமிழி ஒன்று தென்பட்டது. அவர் அணிந்திருந்தது பார்மிதானோ போட்டிருந்த அதே உடை, வரிசை எண் 3011. பிரிப்பானை மாற்றியிருந்தும் மறுபடி தண்ணீர். கூட இருந்த டிம் பீக், 2009 தேர்வில் பார்மிதானோவோடு வந்தவர். இந்த முறை யாரும் குடிதண்ணீர்ப் பையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 4 மணி 43 நிமிடத்தில் விண்நடையை முடித்து இருவரையும் உள்ளே அழைத்துவிட்டார்கள்.

பார்மிதானோ 2019 இல் மறுபடி போனார், நிலையத்தின் தளபதியாகவும் இருந்தார். அண்டக்கதிர்களை ஆராயும் ஏஎம்எஸ் கருவியைச் சீராக்க நான்கு முறை வெளியே போய்வந்தார். விண்வெளியில் பழுதுபார்க்கவென்றே வடிவமைக்கப்படாத கருவி அது.

2022 மார்ச் 23 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் வீரர் மத்தியாஸ் மவுரர் ஏறக்குறைய ஏழு மணி நேர விண்நடையை முடித்து வந்தபோது ஹெல்மெட்டில் மீண்டும் தண்ணீர். நாசா விண்நடைகளை நிறுத்திவைத்து உடையைப் பூமிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தது. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. வீரர் எவ்வளவு உழைக்கிறார், குளிர்ச்சியை எந்த அளவில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து வழக்கத்தைவிட அதிக ஈரம் சேர்ந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் இன்னும் சில உறிஞ்சும் பட்டைகளைச் சேர்த்துவிட்டு, அந்த வருடம் நவம்பர் 15 அன்று விண்நடைகளை மறுபடி தொடங்கினார்கள்.